ஓர் உடன்போக்கு



இந்த இலக்கிய வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் கவிதையைப் பற்றிப் பேசினார்கள். நாவலைப் பற்றிப் பேசினார்கள். நாட்டார் பாடல்களைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று ஓர் உதைபந்தாட்டப் போட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் பந்துக்கு என்ன வேலை என்று கருதி நீங்கள் வானொலியை நிறுத்திவிடக்கூடாது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நம் இலக்கியத்துக்குப் பந்து புதியதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றொரு பகுதி உண்டு. கந்துகம் என்றால் பந்து. கொங்குவேளிரின் பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்ற தலைப்பிலேயே ஒரு பகுதி இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் அழகை எத்தனையோ வகுப்புகளில் நான் படிப்பித்திருக்கிறேன். ஆனால் இவை யாவும் பெண்கள் கையால் அடித்து ஆடும் பந்துகள். காலால் உதைத்து ஆடும் பந்து ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம்மிடம் வந்தது. தமிழ்நாட்டார் அதனைக் கால்பந்து என்பர். அது ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு. ஈழத்தில் நாம் உதைபந்தாட்டம் என்கிறோம். ஆட்டத்தின் உயிரான வினையையே பெயராக வைத்தவர்கள் நம்மவர்கள். எங்கள் ஊர்க் கழகத்தைப் பொறுத்தவரையில் அது உதைத்ததைவிட உதைபட்டதே அதிகம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது 10 வயது. பின்னர் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கிற்று. 2017ஆம் ஆண்டு எங்கள் பகுதி விடுவிக்கப்படும்வரை, 27 ஆண்டுகள், நாங்கள் ஊரைக் கண்ணாற் காணவில்லை. ஆனால் ஊர் இல்லாத அந்த ஆண்டுகளிலும் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு இயங்கியவை இரண்டு. ஒன்று எங்கள் பாடசாலை. மற்றது எங்கள் விளையாட்டுக் கழகம். பாடசாலைக்கு ஓர் ஓலைக் கொட்டகையாவது இருந்தது. கழகத்துக்கு மைதானமே இல்லை.

உதைபந்தாட்டத்தில் சொந்த மைதானத்து ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்று இரண்டு வகை உண்டு. சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்குப் பலம் அதிகம் என்பார்கள். மண் பழகியிருக்கும், காற்று எந்தப் பக்கம் வீசும் என்பது தெரியும், மதிலில் குந்தியிருந்து கூப்பிடும் குரல்களும் தெரிந்த குரல்கள். எங்கள் கழகத்துக்கோ 27 ஆண்டுகள் எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டமே. லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டு, இரவல் மைதானங்களில் பயிற்சி எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் தோற்றுக்கொண்டு, பெயரை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள்.

அந்தப் பெயரை வைத்திருந்தவர் என்று ஒருவரைச் சொல்வதானால் கழகத்தின் பழைய செயலாளரைத்தான் சொல்லவேண்டும். ஊரில் எல்லோருக்கும் அவர் செக்கிறற்றரி ஐயா. 1990இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதியையும், கழகத்தின் அங்கத்தவர் பதிவேட்டையும், இறப்பர் முத்திரையையும் ஒரே பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். 1995 ஐப்பசியில் வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும் அந்தப் பை அவரோடு நடந்தது. ஊரே இல்லாத காலத்தில் ஊர் விலாசம் பொறித்த முத்திரை எதற்கு என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன்.

இந்தக் கதையில் நான் வந்து சேர்ந்ததற்குப் பெருமைப்படத்தக்க காரணம் எதுவுமில்லை. 2014ஆம் ஆண்டு என்னுடைய உயர்தர வகுப்பில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் படித்தான். நலன்புரி நிலையத்தில் பிறந்து வளர்ந்தவன். கழகத்தின் பந்துக் காப்பாளன். பயிற்சிக்குப் போவதற்காகப் பின்னேர வகுப்பின் நடுவில் எழும்பிவிடுவான். ஒருநாள் நான் பொறுமை இழந்தேன். “பந்து சோறு போடுமோ?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. வந்து இருந்தான். அதற்குப் பிறகு பரீட்சை முடியும்வரை அவன் எழும்பிப் போகவேயில்லை. பரீட்சையில் சித்தியடைந்தான், பல்கலைக்கழக அனுமதிக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. மேசன் வேலைக்குப் போனான். பின்னர் மறுபடியும் கழகத்துக்கே வந்து, தலைவனும் ஆனான். வீதியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று கதைப்பான். அந்த மரியாதையே எனக்கு முள்ளாக இருந்தது.

2024 தைப்பொங்கல் கழிந்த கிழமை அவன் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

“சேர், மன்னாரிலை ஒரு சுற்றுப்போட்டி. இந்த வரியத்து முதல் ஆட்டம் எங்களுக்கு அங்கைதான். செக்கிறற்றரி ஐயாவுக்குக் கண் ஒப்பறேசன். அணி முகாமையாளர் எண்டு ஒராள் கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டி இறங்க விடமாட்டினம்.”

“எனக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே, தம்பி.”

“தெரியத் தேவையில்லை சேர். கூட வந்தாக் காணும்.”

அவன் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. அதனை நான் பிறகுதான் அறிந்தேன். முதல் ஆண்டில் இரண்டு ஆட்டங்களுக்கு எங்கள் பக்கம் ஆள் சேரவில்லை. ஆடாமலே எதிரணிக்கு வெற்றி கொடுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எங்கள் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டும் முதல் ஆட்டத்துக்கே ஆள் சேராவிட்டால் கழகத்தைக் கலைத்துவிடுவது என்று பொதுக்கூட்டத்தில் பேச்சு எழுந்திருந்தது. ரொறன்ரோவிலுள்ள எங்கள் ஊரவர்கள் 22 புதிய ஜேர்சிகள் அனுப்பியிருந்தார்கள். ஜேர்சி அனுப்ப ஆட்கள் இருந்தார்கள். போட்டு ஆடத்தான் ஆட்கள் இல்லை. மன்னாருக்குப் போகச் சம்மதித்தவர்கள் 13 பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு மினிபஸ் சந்தியில் வந்து நின்றது. கண்ணில் கட்டோடு ஐயா அங்கே நின்றார். மகள் அவரைக் கையில் பிடித்திருந்தாள். அந்தப் பழைய பையை என்னிடம் தந்தார். “கையெழுத்துக்குப் பக்கத்திலை சீல் குத்தவேணும். தலைகீழாய்க் குத்திப்போடாதையுங்கோ” என்றார். ஒரு தாய் புட்டும் சம்பலும் கட்டிய பொதியைச் சாரதியின் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு, மகனைப் பார்க்காமல் பஸ்ஸின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் நகர்ந்தபோது எனக்கு அகப்பாடல்களின் நற்றாய் நினைவுக்கு வந்தாள். உடன்போக்கு என்று ஒரு துறை உண்டென்பதை நேயர்கள் அறிவீர்கள். தலைவனோடு தலைவி பாலைவழியே புறப்பட்டுப் போய்விடுகிறாள். வீட்டில் தாய் வருந்துகிறாள். வழியில் அவர்களைக் கண்டோர் பேசுகிறார்கள். வெற்றியோ செல்வமோ அங்கே பேச்சில்லை. கூடப் போவது ஒன்றுதான் அங்கே பொருள். “கூட வந்தாக் காணும்” என்று மேசன் வேலை செய்யும் என் மாணவன் சொன்ன சொல்லும் அந்தத் துறையைச் சேர்ந்ததுதான் என்று எனக்குப் பட்டது.

நாவற்குழியால் திரும்பிக் கேரதீவைக் கடந்து சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறினோம். 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம். நீளம் 288 மீற்றர். முன்னர் இங்கே ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையில்தான் கடலேரியைக் கடக்கவேண்டும். பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்தார்கள். பூநகரியில் பெரும்போக நெல் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. பனைகள் ஐதாகி, பற்றைக் காடு தொடங்கிற்று. முழங்காவில், வெள்ளாங்குளம் என்று ஊர்ப் பெயர்ப் பலகைகள் வந்து வந்து போயின.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்றொரு வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்குகிறார். வகுப்பில் இதனை நான் ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன். பாலை என்பது தனியான ஒரு நிலமன்று. நல்ல நிலத்துக்கு நேரும் ஒரு நிலை. அன்று அந்த வீதியின் இருமருங்கும் பச்சையாகவே இருந்தது. ஆனால் இலுப்பைக்கடவையை நெருங்கியபோது அணியில் வயதிற் குறைந்தவன் என் பக்கத்தில் வந்து இருந்தான். வயது 19.

“சேர், நாங்கள் முந்தி இந்தப் பக்கம்தான் இருந்தனாங்களாம். 2008இலை எனக்கு நாலு வயசு. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இந்த றோட்டாலைதான் வெளிக்கிட்டவவாம்.”

“ஏதாவது ஞாபகம் இருக்குதோ?”

“ஒண்டும் இல்லை சேர். அதுதான் பார்த்துக்கொண்டு வாறன்.”

அதற்குமேல் அவன் பேசவில்லை. யன்னற் கம்பியில் நெற்றியை வைத்தபடி விடத்தல்தீவு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். படித்தவன் என்ற முறையில் அவனுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லாமல் இருந்துவிட்டேன். அன்று நான் செய்த சரியான காரியங்களில் அது ஒன்று.

திருக்கேதீச்சரத்தில் இறங்கிப் பாலாவியில் கால் கழுவினோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். உச்சிக்காலப் பூசை முடியும் நேரம். “வெல்ல வேணும் எண்டு கும்பிடாதையுங்கோடா. ஒருத்தனுக்கும் கால் முறியக்கூடாது எண்டு கும்பிடுங்கோ. பதின்மூண்டு பேர்தான்” என்றான் தலைவன். அணியில் இருந்த கத்தோலிக்கப் பையன் வெளியே எல்லோருடைய செருப்புகளுக்கும் காவல் இருந்தான். மன்னார்த் தீவுக்குள் புகுந்ததும் வழியிலே தேவாலயம் ஒன்றில் அவன் இறங்கினான். அப்போது மற்றவர்கள் காத்திருந்தார்கள். நகரத்து வீதியில் கழுதைகள் எங்களுக்கு வழிவிட மறுத்தன. நாங்களும் அவசரப்படவில்லை.

போட்டி நடந்த இடம் நகரை அடுத்த ஒரு கடற்கரைக் கிராமம். மைதானத்தின் ஒரு பக்கம் வீடுகள். மற்றப் பக்கம் வாடிகளும் வலைகளும். ஆயிரம்பேர் வரையில் கூடியிருந்தார்கள் என்று நினைக்கிறேன். மதிலில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சுவிடாமல் வர்ணனை செய்துகொண்டிருந்தார். மன்னார்க் கரையோரத்தில் உதைபந்தாட்டம் என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று கண்டேன். எதிரணி முதற் பிரிவில் ஆடும் அணி. விடியற்புறம் கடலுக்குப் போய்வந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். மணலில் ஓடிப் பழகிய கால்கள். எங்கள் பையன்களின் கால்கள் செம்பாட்டு மண்ணில் வளர்ந்தவை. ஒவ்வோர் அடிக்கும் மணல் அவர்களைக் கீழே இழுத்தது.

ஆட்டத்தை நான் விவரிக்கப்போவதில்லை. விவரிக்கும் அறிவும் எனக்கில்லை. இடைவேளையில் மூன்றுக்குப் பூச்சியம். பையன்கள் வட்டமாக வந்து இருந்தார்கள். முகாமையாளர் என்று கையெழுத்து வைத்தவன் நான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 20 ஆண்டுகளாக வாயாற் பிழைப்பவன். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வெண்ணிப் போரைப் பற்றித் தொடங்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளையாக, பக்கத்தில் வெட்டிவைத்த தோடம்பழங்கள் இருந்தன. எடுத்து ஒவ்வொருவராகக் கொடுத்தேன். தலைவன்தான் பேசினான். “இன்னும் நாப்பத்தைஞ்சு நிமிசம் இருக்கு. களைச்சாலும் ஒருத்தரும் நடக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

ஒருவரும் நடக்கவில்லை. இரண்டு கோல்கள் மேலும் விழுந்தன. மாற்று ஆட்டக்காரர் இருவரும் இறங்கிவிட்ட பின்னர் இன்னொருவனுக்குத் தொடைத் தசை பிடித்தது. பத்துப்பேர் ஆடினார்கள். அந்த 19 வயதுப் பையன் இரண்டுபேரின் இடத்தை ஓடி நிரப்பினான். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் எங்கள் பின்கள வீரன் ஒருவனின் கையில் பந்து பட்டது. மத்தியஸ்தர் தண்ட உதைக்குக் கை காட்டினார்.

ஐந்துக்குப் பூச்சியம். ஆறாவதை விட்டால் என்ன, தடுத்தால் என்ன? வெற்றி தோல்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. பார்வையாளரிற் சிலர் எழும்பிப் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் என் மாணவன் கோல் கம்பங்களின் நடுவில் வந்து நின்ற விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கைகளை விரித்து, முழங்காலை மடித்து, பூச்சியத்துக்குப் பூச்சியம் என்ற நிலையில் நிற்பவனைப்போல நின்றான். எதிரணி வீரன் அடித்தான். இவன் வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இவன் விரல்நுனியில் பட்டு, கம்பத்துக்கு வெளியே வலைகள் காயும் பக்கமாகப் போயிற்று. இவன் மணலில் விழுந்து கிடந்தான்.

முதலில் மதிலில் இருந்த பெண்கள்தான் கைதட்டினார்கள். பிறகு மைதானம் முழுவதும் தட்டிற்று. எழும்பிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் எங்கள் ஊரின் பெயரை இரண்டுமுறை உரக்கச் சொன்னார்.

புறநானூற்றின் 66ஆம் பாட்டை நான் எத்தனை தடவை படிப்பித்திருப்பேன் என்று கணக்கில்லை. வெண்ணிப் போரிலே கரிகாலன் வென்றான். முதுகிலே புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அதற்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் என்ற பெண்பாற் புலவர் வென்ற கரிகாலனுக்கு முன்னாலேயே, உன்னிலும் அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். வெண்ணி சோழநாட்டு ஊர். வென்ற பக்கத்து ஊரவர் அவர். தோற்றவனைப் பாட அவருக்கு என்ன தேவை? பரீட்சைக்காக நாங்கள் எழுதிக்கொடுக்கும் விடையில் ‘புலவரின் நடுநிலை’ என்று ஒரு வரி இருக்கும். மதிலில் இருந்த அந்தப் பெண்களைக் கண்ட பின்னர் அந்த விடை எனக்குப் போதவில்லை. நடுநிலை என்பது குளிர்ந்த சொல். தமது பிள்ளைகள் வெல்லவேண்டும் என்று காலையிலிருந்து விரும்பியவர்கள் அவர்கள். அந்த விருப்பம் நிறைவேறிய பிறகும் அவர்களுடைய நெஞ்சில் வந்தவனுக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. குயத்தியார் பாடியதும் அந்த மிச்சத்திலிருந்துதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆட்டம் முடிந்து நான் மேசைக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். பையைத் திறந்து முத்திரையை எடுத்தேன். மைப்பெட்டி காய்ந்திருந்தது. ஒரு பையன் போத்தலிலிருந்து இரண்டு துளி தண்ணீர் விட்டான். தலைகீழாகாமல் பார்த்துக் குத்தினேன். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் குனிந்து அதை வாசித்தார். சாரமும் தோளில் துவாயுமாக, எழுபது வயது மதிக்கத்தக்கவர்.

“இந்தப் பேரிலை ஒரு கழகம் முந்தி இஞ்சை வந்து விளையாடினது. எண்பதுகளிலை. நான் அப்ப விங்கிலை ஆடினவன்.”

“அதே கழகம்தான், ஐயா.”

அவர் என்னை ஒருமுறை, முத்திரையை ஒருமுறை பார்த்தார். “ஊர் முழுக்க எழும்பிப் போச்சு எண்டு கேள்விப்பட்டனாங்கள். இன்னும் இருக்கிறியளோ?”

“இருக்கிறம், ஐயா” என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ நீண்ட வசனங்கள் பேசியிருக்கிறேன். இந்த ஒரு சொல்லைப்போல எதையும் நான் உறுதியாகச் சொன்னதில்லை. இந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு உரிமை தந்தவர்கள் ஐந்து கோல் வாங்கிய அந்தப் பையன்கள். ஒரு முத்திரையை 27 ஆண்டுகள் பையில் வைத்திருந்தவரின் பைத்தியக்காரத்தனமும் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. உடன்போக்கில் கண்டோர் என்று இலக்கணம் சொல்லும் அந்த வழிப்போக்கர்கள் எதற்காக இருக்கிறார்கள் என்பதும் விளங்கிற்று. நாம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதற்கு யாராவது ஒருவர் சாட்சி வேண்டுமல்லவா?

அந்த முதியவர் எங்களை வெறுங்கையோடு விடவில்லை. அவருடைய வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, பையன்களுக்குச் சோறும் மீன் குழம்பும் கிடைத்தன. எங்களை வென்ற அணியில் இரண்டுபேர் வந்து பரிமாறினார்கள். அவருடைய பேரன்மாராம்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பஸ்ஸில் பெரும்பாலோர் நித்திரை. தலைவன் வந்து என் பக்கத்தில் இருந்தான். பத்து ஆண்டுகளாகத் தொண்டையில் கிடந்ததை அந்த இருட்டில் சொல்லிவிட்டேன்.

“தம்பி, அண்டைக்கு வகுப்பிலை நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது.”

அவனுக்கு எது என்று விளங்கிவிட்டது. “நீங்கள் சொன்னது சரிதானே சேர். பந்து சோறு போடேல்லைத்தான்” என்றான். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிரித்துக்கொண்டு, “ஆனா சேர், சோறு போடாததை எல்லாம் விடுறதெண்டால், நீங்கள் படிப்பிச்ச புறநானூற்றையும் எல்லோ விடவேணும்” என்றான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். முன்னால் படுத்திருந்த ஒருவன் எழும்பி, கோல் அடித்துவிட்டோமோ என்று கேட்டான்.

ஊருக்கு வந்து சேர இரவு 11 மணி. ஐயாவின் வீட்டில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டுப் போட்ட கண்ணோடு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். எத்தனை கோல் என்று கேட்பார். என்ன மறுமொழி சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“எத்தினைபேர் இறங்கினவை?” என்று கேட்டார்.

“பதினொருபேர், ஐயா.”

“அப்ப சரி” என்றார். பையைத் தடவி, முத்திரை உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் கோல் கணக்கைக் கேட்டார்.

நேயர்களே, கழகம் கலைக்கப்படவில்லை. இரண்டு கிழமைக்குப் பின் எங்கள் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் நடந்தது. 2017இல் நாங்கள் திரும்பியபோது பற்றை மண்டிக் கிடந்த மைதானம். பையன்களே வெட்டித் துப்புரவாக்கியது. முப்பதுபேர்கூடப் பார்க்க வரவில்லை. அந்த ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் முப்பதுக்குள் நானும் ஒருவனாக இருந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சொந்த மைதானத்து ஆட்டத்தையும் நான் தவறவிடவில்லை. பின்னேர வகுப்பில் யாராவது ஒரு பையன் பந்துக்காக எழும்பினால், வீட்டுவேலையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

வெல்லும் அணிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். அவற்றுக்கு உலகமெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரின் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு, பெரும்பாலும் தோற்கும் ஓர் அணி உங்கள் ஊரிலும் இருக்கும். இந்தப் பருவத்தில் அது ஏதோ ஓர் ஊருக்கு ஆடப் போகும். உங்களுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஒருமுறை கூடப் போய் வாருங்கள்.

கூடப் போனால் காணும்.